பதினோராவது மாடிக்குப் போன அம்மா

ஞாயிற்றுக்கிழமை காலை, துவைத்த துணிகளைப் பால்கனிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தபோது கீழ்வீட்டுக் கதவு சாத்தப்படும் சத்தம் குமிழிக்குக் கேட்டது. அடுத்து மாடிப்படியில் செருப்புச் சத்தம்.

"ஏங்க, உங்க அக்கா வர்றாங்க."

கணவன் நாற்காலியிலிருந்து எழுந்தான். "புது இதழ் வந்துருச்சா?"

"நேத்துதான் கடைக்கு வந்துது."

"அப்போ நான் கொஞ்சம் வெளியில போயிட்டு வந்துடறேன்" என்று அவன் சட்டையைத் தேடினான். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன் அவன். ஆறு நாளும் தூசியில் நிற்பவனுக்கு ஏழாவது நாள் வாக்குவாதத்தில் நிற்கத் தெம்பில்லை. ஆனால் அவன் ஒரு கையை நுழைப்பதற்குள் நாத்தனார் வாசலுக்கு வந்துவிட்டாள். கையில் இருபத்து மூன்றாம் இதழ், குழலாகச் சுருட்டியபடி.

"பதினாலு மாசம்" என்றாள், உள்ளே வராமலேயே. "ஒரு பொம்பளை லிஃப்ட்ல ஏறிப் பதினாலு மாசம் ஆச்சு. இன்னும் எறங்கலை. கேக்க நாதியில்ல."

"உள்ள வாங்க அண்ணி. டீ போடறேன்."

"டீயெல்லாம் அப்புறம். எறங்கினாளா இல்லையா?"

குமிழி என்பது பெற்றோர் வைத்த பெயரில்லை. சித்திரக்கதைகளில் ஆட்கள் பேசும்போது வாயருகே வெள்ளையாக ஒரு குமிழி இருக்குமே, அதற்குள் கிடக்கும் வெளிநாட்டுப் பேச்சைத் தமிழாக்குவது அவள் வேலை. பதிப்பகத்தில் எல்லோருக்கும் அவள் குமிழி அக்கா. அந்தப் பெயரை நாத்தனார் எப்படியோ தெரிந்துகொண்டு வந்து வீட்டிலும் நிலைநாட்டிவிட்டாள்.

நாத்தனாருக்குப் பேருந்து நிலையத்தில் வேலை, தவறிய பொருள் அலுவலகத்தில். பேருந்தில் யார் எதை விட்டுவிட்டு இறங்கினாலும் அது கடைசியில் அவள் கவுண்ட்டருக்கு வந்து சேரும். குடைகள், சாவிக்கொத்துகள், ஒற்றைச் செருப்புகள், ஒருமுறை மேலும் கீழுமாக ஒரு முழுப் பல்செட். ஒவ்வொன்றுக்கும் ஒரு பழுப்பு அட்டைச் சீட்டு எழுதிக் கட்டுவாள். பொருள் என்ன, கடைசியாகக் காணப்பட்ட இடம் எது, தேதி என்ன. உரியவர் வந்து அடையாளம் சொன்னால் சீட்டில் 'ஒப்படைக்கப்பட்டது' என்று முத்திரை விழும். இருபத்தாறு வருஷத்தில் ஒரு பொருளும் தவறான கைக்குப் போனதில்லை என்பது அவளுடைய பெருமை. பல்செட்டுக்குச் சொந்தம் கொண்டாடி இரண்டு பேர் வந்தபோது, இருவரையும் போட்டுப் பார்க்கச் சொன்னவள்.

சித்திரக்கதை அவள் வாழ்க்கைக்குள் வந்ததும் அந்தக் கவுண்ட்டர் வழியாகத்தான். யாரோ விட்டுப்போன துணிப்பையில் 'காந்தக்கையன்' முதல் எட்டு இதழ்கள் இருந்தன. உரியவர் பெயர் எங்காவது எழுதியிருக்கிறதா என்று புரட்டினாள். பெயர் இல்லை, ஆனால் எட்டாம் இதழின் கடைசிப் பக்கம்வரை தேடினாள். தொண்ணூறு நாள் கெடு முடிந்தது. யாரும் வரவில்லை. விதிப்படி பையைக் கழிவுக்கு அனுப்பிவிட்டு, மாலையில் வீடு திரும்பும் வழியில் ஒன்பதாம் இதழைச் சொந்தமாக வாங்கினாள்.

காந்தக்கையன் பகலில் வரைபட அலுவலகத்தில் பென்சில் சீவுகிறவன். ஆபத்து என்றால் உள்ளங்கையை நீட்டுவான். இரும்பெல்லாம் அவனிடம் ஓடிவரும். அந்த ஒன்பதாம் இதழின் பதினான்காம் பக்கத்தில் அவனுடைய அம்மா ஒரு நீலக் கைப்பையோடு லிஃப்டில் ஏறி, பதினோராவது மாடிக்குப் பொத்தானை அமுக்குகிறாள். கதவு மூடுகிறது. அவ்வளவுதான். அடுத்த பக்கத்தில் துறைமுகத்தில் சண்டை. பத்தாம் இதழில் அம்மா இல்லை. பதினொன்றில் இல்லை. மகனும் தேடவில்லை, அவனுக்கு உலகத்தைக் காப்பாற்ற நேரம் சரியாக இருந்தது.

அந்த ஒன்பதாம் இதழின் உள்ளட்டையில்தான் நாத்தனார் மொழிபெயர்த்தவரின் பெயரைப் பார்த்தாள். தம்பி பெண்டாட்டி! பதிமூன்று வருஷமாக ஒரே கட்டடத்தில் மேலும் கீழுமாக இருக்கிறார்கள்.

"இவ்வளவு நாளா நீ ஏதோ பத்திரம் கித்திரம் எழுதறேன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றாள் அன்று. அவள் குரலில் மரியாதை இருந்தது. குமிழியின் நினைவில் அதுதான் முதலும் கடைசியும்.

அதன்பிறகு ஒவ்வொரு இதழுக்கும் ஒரு ஞாயிறு விசாரணை. தீராத முடிச்சு ஒவ்வொன்றுக்கும் நாத்தனார் அலுவலகச் சீட்டையே எழுதி, அந்தந்தப் பக்கத்தில் நூலால் கட்டினாள். 'பொருள்: அம்மா. கடைசியாகக் காணப்பட்ட இடம்: லிஃப்ட்.' 'பொருள்: பச்சைப் பெட்டி. இடம்: துறைமுக பெஞ்சுக்கு அடியில்.' 'பொருள்: எதிர்வீட்டுக்காரர். இடம்: ஜன்னல். வாயில் பிரஷ்ஷோடு நின்று, காந்தக்கையன் முகமூடியைக் கழற்றுவதைப் பார்த்தவர்.' வில்லன் கடியாரக்காரன், 'வியாழக்கிழமை வருவேன்' என்று சொல்லிப்போய் எத்தனை வியாழக்கிழமைகள் ஆயின என்பதற்குத் தனியாக ஒரு சீட்டு.

"அண்ணி, கதை எழுதறவரு வேற நாட்டுல இருக்காரு" என்றாள் குமிழி, அந்த ஞாயிற்றுக்கிழமையும். "அவரு எழுதறதை நான் நம்ம பாஷையில சொல்றேன். அவ்வளவுதான் என் வேலை."

"பெத்தவரு எங்கயோ இருக்காரு, சரி. இங்க வளக்கறவ நீதானே? வளக்கறவளுக்குப் பொறுப்பில்லையா?"

"அவரே இன்னும் சொல்லலைன்னா நான் என்ன பண்றது?"

நாத்தனார் நாற்காலியில் உட்கார்ந்து, சுருட்டிய இதழை மடியில் வைத்து நீவினாள். பிறகு ரொம்பச் சாதாரணமாக ஒன்று சொன்னாள்.

"சொல்லியிருப்பாரு. நீ விட்டுட்டிருப்ப."

"என்ன அண்ணி?"

"அவசரத்துல. ஒரு வரி, ரெண்டு வரி. நீ சமையல்ல உப்பு விட்டுடற மாதிரி."

கணவன் சட்டையின் இன்னொரு கையை அவசரமாக நுழைத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

உப்பைச் சொன்னதுகூடக் குமிழிக்கு வலிக்கவில்லை. அது உண்மை. வரி விட்டதாகச் சொன்னதுதான் உள்ளே போய்த் தைத்தது. ஒரு 'ஹூம்' என்ற சத்தத்துக்கு முக்கால் மணி நேரம் யோசிப்பவள் அவள். ஆள் கீழே விழும் ஓசைக்கும் மூட்டை கீழே விழும் ஓசைக்கும் வெவ்வேறு எழுத்து போடுபவள். அவளைப் பார்த்து வரியை விட்டாய் என்றால்? திங்கட்கிழமை அலுவலகம் போகிறவரை அது தொண்டையில் மீன்முள்ளாக நின்றது.

அன்றைக்கு இருபத்து நான்காம் இதழின் பக்கங்கள் மேஜையில் இருந்தன. பதினெட்டாம் பக்கத்தில் இரண்டு போலீஸ்காரர்கள் மொட்டைமாடியில் காவல் நிற்கிறார்கள். ஒருவர், 'இன்னிக்குக் குளிர் அதிகம்' என்கிறார். மற்றவர், 'ஆமாம்' என்கிறார். கதைக்கு அந்தக் குளிரால் ஒரு லாபமும் இல்லை. குமிழி இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு எழுதினாள்:

'காந்தக்கையனோட அம்மா லிஃப்ட்ல மாட்டிக்கிட்டாங்கன்னு சொன்னாங்களே?'

'அன்னிக்கே எறக்கிட்டாங்களே! தங்கச்சி வீட்டுல நல்லா இருக்காங்க.'

குமிழிகளுக்குள் எழுத்தை ஏற்றுகிற எழுத்துக்காரர், நிதானமான மனிதர். கணினியில் அந்தப் பக்கத்தைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்தார்.

"வெளிநாட்டுக்காரங்க சுருக்கமாப் பேசறாங்க. நம்ம பாஷைக்கு வந்தா எல்லாருக்கும் வாய் நீளுது" என்றார். "பரவால்ல அக்கா. எழுத்தைச் சிறுசாக்கிக்கறேன்."

அடுத்த மாதம் அந்த இதழ் வந்த ஞாயிற்றுக்கிழமை, நாத்தனார் முத்திரைக் கட்டையையே வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். குமிழியின் சாப்பாட்டு மேஜைமேல் ஒன்பதாம் இதழை விரித்து, சீட்டை அவிழ்த்து, 'ஒப்படைக்கப்பட்டது' என்று ஓங்கி ஒரு குத்து.

"பாத்தியா? எழுதியிருக்காரு மனுஷன். நீ ஒழுங்காப் படிச்சா வராதா? வாய்விட்டுச் சொன்னதும் வந்துச்சு பாரு."

"ஆமா அண்ணி" என்றாள் குமிழி. வேறென்ன சொல்வது?

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பதினைந்து மாதத்தில் முதல்முறையாக நாத்தனார் டீயை முழுக்கக் குடித்துவிட்டு, "நல்லா இருக்கு" என்று சொல்லிப்போனாள். அந்தச் சுகம் பொல்லாதது. இருபத்தாறாம் இதழில் ஒரு டாக்ஸியின் ரேடியோ வானிலை அறிக்கை சொல்லிக்கொண்டிருந்தது. குமிழி வானிலையை எடுத்துவிட்டு, துறைமுகத்தில் கிடந்த பச்சைப் பெட்டியைப் போலீஸ் திறந்து பார்த்ததாகவும், உள்ளே பழைய சட்டைகள்தான் இருந்ததாகவும் செய்தி வாசிக்க வைத்தாள். போலீஸ் கைக்குப் போய்விட்டால் தன் பொறுப்பு முடிந்தது என்று நாத்தனார் அதற்கும் முத்திரை குத்தினாள். இருபத்தெட்டாம் இதழின் சந்தைக் கூட்டத்தில் தொப்பியால் முகம் மறைந்த ஒருவர் போகிறபோக்கில், 'மழை வரும்போல' என்றார். குமிழியின் கைபட்டதும் அவர் பக்கத்திலிருந்தவரிடம், 'காந்தக்கையன் யாருன்னு எனக்குத் தெரியும். ஆனா பல் விளக்கும்போது பாத்ததை நான் வெளியில சொல்றதில்லை' என்றார்.

இந்த வரி நாத்தனாருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. பேருந்து நிலையத்தில் யாராவது யாரைப் பற்றியாவது வம்பு கேட்டால், "பல் விளக்கும்போது பாத்ததை நான் வெளியில சொல்றதில்லை" என்று பதில் சொல்ல ஆரம்பித்தாள். நடத்துநர்களுக்குள் அது பரவியது.

பதிப்பகத்துக்கும் கடிதங்கள் வந்தன. எதையும் மறக்காத கதாசிரியர் என்று வாசகர்கள் புகழ்ந்தார்கள். தமிழ் இதழின் ஆசிரியர் ஒரு கடிதத்தைக் குமிழியிடம் நீட்டினார். மேஜை விசிறியை எப்போதும் தன் பக்கமே திருப்பி வைத்துக்கொள்கிறவர் அவர்.

"அந்த நாட்டுல எல்லாம் இந்தத் தொடரைத் திட்டித் தீக்கறாங்களாம். ஆரம்பிச்சதை முடிக்கறதில்லைன்னு. நம்ம வாசகருங்க மட்டும் எப்படிமா இவ்வளவு திருப்தியா இருக்காங்க?"

"நம்ம ஆளுங்க பொறுமைசாலிங்க சார்" என்று குமிழி கடிதத்தை மடித்துக் கொடுத்தாள்.

முப்பத்தொன்றாம் இதழின் பக்கங்கள் வந்த அன்று காலை அவள் மனசு லேசாகத்தான் இருந்தது. உறையைப் பிரித்தாள். முதல் பக்கம் முழுக்க ஒரே படம்: லிஃப்ட் கதவு. அடுத்த பக்கத்தில் கதவு திறக்கிறது. நீலக் கைப்பையோடு அம்மா வெளியே வருகிறாள். வாசலில் காந்தக்கையன், முகமூடி இல்லாமல், தாடியோடு நிற்கிறான். கடியாரக்காரன் லிஃப்டுக்குள் நேரத்தைக் கட்டிப்போட்டிருந்தானாம். வெளியே இத்தனை மாதங்கள். அவளுக்கு உள்ளே நான்கே நிமிஷம். அம்மா மகனுடைய முகத்தைப் பார்த்துச் சொல்கிறாள்:

'என்னடா இது தாடி? காலையில ஷேவ் பண்ணிட்டுத்தானே கெளம்பின?'

குமிழி மூக்கை உறிஞ்சினாள். வாசகியாக அழுது முடிக்க அவளுக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று. அதற்கப்புறம்தான் இருபத்து நான்காம் இதழ் நினைவுக்கு வந்தது.

எழுத்துக்காரர் அவள் தோளுக்குப் பின்னால் நின்று அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தான் ஏற்றிய எழுத்து ஒன்றும் மறக்காது.

"அக்கா" என்றார் நிதானமாக. "அப்போ தங்கச்சி வீட்டுல இருக்கறது யாரு?"

கேள்வியில் ஒரு குத்தலும் இல்லை. நிஜமான அக்கறை. அதுதான் குமிழியை எழுப்பி ஆசிரியர் அறைக்கு நடத்திப்போனது. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்: உப்பு, போலீஸ்காரர்கள், ரேடியோ, தொப்பிக்காரர்.

ஆசிரியர் கேட்டு முடித்துவிட்டு விசிறியை மெல்ல அவள் பக்கம் திருப்பினார். அவர் அப்படிச் செய்து அந்த அலுவலகத்தில் யாரும் பார்த்ததில்லை. திட்டியிருந்தால்கூட அவ்வளவு பயம் வந்திருக்காது.

"ஒரு வரி கூட மாத்த மாட்டோம்னு ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டிருக்கேன்மா நான்."

"தெரியும் சார்."

"நாத்தனாருக்காகவா?"

"ஆமா சார்."

"எனக்கும் வீட்டுல ஒருத்தங்க இருக்காங்க" என்றார். "அதுக்காக நான் வில்லனை நல்லவனாக்கினேனா?"

முடிவாக மூன்று காரியங்கள் சொன்னார். முப்பத்தொன்றாம் இதழ், உள்ளது உள்ளபடி அச்சாக வேண்டும். கதாசிரியருக்கு அவளே மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டும். முப்பத்திரண்டாம் இதழில் வாசகர்களுக்கும் உண்மையைச் சொல்லியாக வேண்டும். "எப்படிச் சொல்றதுன்னு நீயே யோசி. கெணறு வெட்டினது நீ, பூதத்தையும் நீதான் சமாளிக்கணும்."

வீட்டில் கணவன் விழுந்து விழுந்து சிரித்தான். "ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம்னு சொல்வாங்க. நீ மூணுதானே சொல்லியிருக்க?"

"சிரிக்காதீங்க. உங்க அக்காகிட்ட யாரு சொல்றது?"

சிரிப்பு நின்றது. "நீதான்" என்றான்.

முப்பத்தொன்றாம் இதழ் அச்சிலிருந்து வந்த அன்று, கடைகளுக்குப் போவதற்கு முன்பே ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு குமிழி பேருந்து நிலையத்துக்குப் போனாள். தவறிய பொருள் அலுவலகம் எட்டாம் நடைமேடையின் முனையில், சீட்டுக் கொடுக்கும் இடத்துக்குப் பின்னால் இருந்தது. கம்பிவலைக்கு அந்தப் பக்கம் கூரைவரை அடுக்குகள். ஒரு வரிசை முழுக்கக் குடைகள், கைப்பிடி மேலாகத் தொங்கிக்கொண்டிருந்தன. இன்னொரு வரிசையில் ஹெல்மெட்டுகள். நாத்தனார் ஒரு குழந்தை ஷூவுக்குச் சீட்டு கட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன இந்தப் பக்கம்? எதைத் தொலைச்ச?"

"புது இதழ் அண்ணி. மொதப் பிரதி. உங்களுக்குத்தான்."

நாத்தனாரின் முகம் மலர்ந்தது. கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். முதல் பக்கத்தைத் திறந்தாள். அந்தச் சமயத்தில் வழுக்கைத்தலை மனிதர் ஒருவர் வேகமாக வந்து கவுண்ட்டரைத் தட்டினார்.

"மேடம், நேத்து ஒரு குடை விட்டுட்டேன். கறுப்புக் குடை."

"கொஞ்சம் இருங்க சார்" என்றாள் நாத்தனார், பக்கத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "இங்க ஒரு அம்மா லிஃப்ட்லேர்ந்து எறங்கிட்டிருக்காங்க."

அந்த மனிதர் சுற்றுமுற்றும் லிஃப்டைத் தேடினார்.

நாத்தனார் பக்கத்தைத் திருப்பினாள். தாடிக் கேள்விக்கு வந்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டாள். மறுபடியும் அந்தக் கட்டத்தைப் படித்தாள். அப்புறம் நெற்றி சுருங்கியது.

"இவ எப்படி இங்க? தங்கச்சி வீட்டுலல்ல இருக்கா?"

குமிழி கம்பிவலையை விரலால் பிடித்துக்கொண்டாள்.

"குமிழி?"

"அந்தத் தங்கச்சி இல்ல அண்ணி."

"இல்லைன்னா?"

"கதையில அப்படி ஒரு தங்கச்சியே கெடையாது. நான்தான் எழுதினேன். நீங்க வரியை விட்டுட்டேன்னு சொன்னீங்க. எனக்குக் கோவம் வந்துது. ரெண்டு போலீஸ்காரங்க சும்மா நின்னுக்கிட்டிருந்தாங்க. அவங்க வாயில போட்டுட்டேன்."

நாத்தனார் இதழை மூடினாள். அவளுக்குக் கோபம் வந்தால் சத்தம் கூடும் என்பதுதான் குமிழி கண்டது. இது வேறு மாதிரி இருந்தது. குடைக்காரரை அழைத்து, கைப்பிடி என்ன வடிவம், எத்தனை கம்பி, துணியில் கிழிசல் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, நான்கு கறுப்புக் குடைகளை விரித்துப் பார்த்து, சரியானதை எடுத்துக் கொடுத்து, முத்திரையைத் தேவைக்கு மேல் மெதுவாகக் குத்தினாள். அவர் போனதும் குமிழியின் பக்கம் திரும்பினாள்.

"இருபத்தாறு வருஷம்" என்றாள் தாழ்ந்த குரலில். "ஒரு கைக்குட்டை தப்பான ஆள்கிட்ட போனதில்ல. ஒரு தாயை, இல்லாத ஒரு தங்கச்சி வீட்டுல ஒப்படைச்சிட்டேன். முத்திரை போட்டு."

"தப்புதான் அண்ணி."

"அந்தப் பெட்டி?"

"அதுவும் நான்தான்."

நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு இழுப்பறையைத் திறந்து, அடியிலிருந்து, ஓரம் மஞ்சளேறிய ஒரு படிவத்தை எடுத்தாள். தவறான ஒப்படைப்பு அறிக்கை. இத்தனை வருஷத்தில் அவள் பயன்படுத்தவே பயன்படுத்தாத படிவம். பேனாவையும் அதையும் கம்பிவலைக்கு அடியில் தள்ளினாள்.

"நிரப்பு."

"அண்ணி, நெஜமாவா?"

"வெளையாட்டுக்கு இங்க யாரும் படிவம் அடிக்கறதில்ல."

குமிழி கவுண்ட்டரில் முழங்கை ஊன்றி எழுதினாள். பொருள்: அம்மா ஒன்று. பொருளின் நிலை: நல்ல நிலையில். தவறாகப் பெற்றுக்கொண்டவர்: தங்கை, விலாசம் தெரியவில்லை. அடுத்த கட்டத்துக்கு வந்ததும் தலை நிமிர்ந்தாள்.

"காரணம்னு கேட்டிருக்கே?"

"எழுது."

"'நாத்தனார் தொல்லை'ன்னு எழுதட்டுமா?"

நாத்தனார் அவளைப் பார்த்தாள். உதட்டோரம் சிரிப்பு ஒன்று அசைந்தது. அதை உடனே அடக்கினாள்.

"அதுக்கு இந்த எடம் பத்தாது. பின்பக்கம் எழுது."

குமிழிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. நாத்தனார் ஒரு ஸ்டூலை இழுத்து வலைக்கு அருகில் போட்டு உட்கார்ந்தாள். இப்போது முதலிலிருந்து, ஒன்று விடாமல், எதெல்லாம் கதாசிரியருடையது, எதெல்லாம் இவளுடையது என்று சொல்ல வேண்டும் என்றாள். குமிழி சொன்னாள். நாத்தனார் தலையாட்டிக்கொண்டே வந்தாள். தொப்பிக்காரரிடம் வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"பல் விளக்கறதா? அந்த வரியுமா?"

"ஆமா அண்ணி. அவரு மழை வரும்போலன்னுதான் சொன்னாரு."

நாத்தனார் குடை வரிசையைப் பார்த்தாள். அந்த வரியைத் தான் யார் யாரிடமெல்லாம் சொன்னோம் என்று நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

"நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள் கடைசியில், குற்றம் சாட்டுகிற குரலில்.

ஆனாலும் மூன்று ஞாயிறு அவள் மாடிக்கு வரவில்லை. முதல் ஞாயிறு நிம்மதியாக இருந்தது. இரண்டாவது ஞாயிறு குமிழி துணி காயப்போட்டுவிட்டுக் கொடியடியில் சும்மா நின்றாள். மூன்றாவது ஞாயிறு கணவன், "இந்த வீட்டுல சண்டை போடக்கூட ஆளில்லாம போச்சே" என்று சொல்லிவிட்டு, தன்னுடைய டீயைக் கையிலெடுத்துக்கொண்டு கீழே அக்கா வீட்டுக்குப் போய்விட்டான். அங்கே அவள் ஒரு வார்த்தையும் விட்டுக்கொடுக்கவில்லை என்றும், ஆனால் குமிழிக்கு ஒரு டம்ளர் டீ கொடுத்தனுப்பினாள் என்றும் திரும்பி வந்து சொன்னான். ஆறிப்போயிருந்தது. குமிழி குடித்தாள்.

அந்த வாரம் கதாசிரியரிடமிருந்து பதில் வந்தது. ஐந்தே வரிகள். பச்சைப் பெட்டியைத் தொடாதீர்கள், அதற்கு இன்னும் வேலை இருக்கிறது என்று எழுதியிருந்தார். பல் விளக்கிய எதிர்வீட்டுக்காரரைத் தாம் சுத்தமாக மறந்துவிட்டதாகவும், நினைவுபடுத்தியதற்கு நன்றி என்றும் எழுதியிருந்தார். இனிமேல் என் கதாபாத்திரங்களை என்னைக் கேட்காமல் உறவினர் வீட்டுக்கு அனுப்பாதீர்கள் என்பது கடைசி வரி. குமிழி அந்தக் கடிதத்தைத் தமிழில் எழுதி, ஒரு வரிகூட விடாமல், கீழ்வீட்டுக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு வந்தாள்.

கால் மணி நேரத்தில் படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

"பெத்தவனே மறந்துட்டானாமே!" நாத்தனார் மூச்சு வாங்கியபடி உள்ளே வந்தாள். மகிழ்ச்சி தாங்கவில்லை அவளுக்கு. "நான் சீட்டு கட்டி வெச்சிருக்கேன், அவன் மறந்துட்டானாம்! இந்த மாதிரி ஆளை எங்க டிப்போவுல ஒருநாள் வெச்சுக்க மாட்டாங்க."

வாசகர்களிடம் எப்படிச் சொல்வது என்ற சிக்கலையும் அவள்தான் தீர்த்தாள். குமிழி எழுதி வைத்திருந்த மன்னிப்பை வாங்கிப் பார்த்துவிட்டு, ஒரு பக்கத்துக்கு அழுதிருக்கிறாய், யார் படிப்பார்கள் என்று கேட்டாள். அந்தத் தவறான ஒப்படைப்பு அறிக்கையின் நகலையே கொடுத்தாள். முப்பத்திரண்டாம் இதழின் வாசகர் பக்கத்தில் அது அப்படியே அச்சானது. அலுவலகத்தின் பெயரும் ஆட்களின் பெயரும் மட்டும் இல்லை. தங்கை வீட்டில் இருப்பவர் காந்தக்கையனின் அம்மா அல்ல, அவர் யார் என்று தெரியவில்லை என்று அடியில் ஆசிரியர் ஒரு வரி சேர்த்திருந்தார்.

திட்டி எட்டுக் கடிதங்கள் வந்தன. தங்கை வீட்டில் இருப்பவர் யாராக இருக்கலாம் என்று ஊகம் சொல்லி நூற்றுக்கு மேல் வந்தன. கடியாரக்காரனுடைய மாமியார் என்றார் ஒருவர். அந்த இரண்டு போலீஸ்காரர்கள்தான் பொய் சொல்கிறார்கள், அவர்களை விசாரிக்க வேண்டும் என்றார் இன்னொருவர். ஆசிரியர் விசிறியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அதிலிருந்தே வேலை போகவில்லை என்று குமிழிக்குத் தெரிந்தது. ஆனால் அன்று முதல் அவள் எழுதும் ஒவ்வொரு பக்கத்தையும் அவர் மூலத்தோடு ஒப்பிட்டுப் படித்தார். 'ஹூம்' உட்பட.

இதழ் அச்சுக்குப் போகும்முன் நாத்தனாரையும் ஒருமுறை பார்க்கச் சொல்லலாம், இவ்வளவு கூர்மையான கண் யாருக்கு இருக்கிறது என்று ஆசிரியர் சொல்லியனுப்பினார். குமிழி ஆசையோடு கீழே போய்ச் சொன்னாள்.

"வேணாம்மா" என்றாள் நாத்தனார் உடனே. "முன்னாடியே தெரிஞ்சுட்டா அப்புறம் ஒரு மாசம் நான் எதை நெனச்சுக்கிட்டுக் கவுண்ட்டர்ல உக்காந்திருப்பேன்?"

அவள் சொன்னது உண்மைதான். இப்போதெல்லாம் புதுப் பக்கங்கள் வந்த அன்று குமிழி மாடியேறும்போது, நாத்தனார் தன் வாசலில் நின்றுகொண்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறாள். குமிழியின் முகத்தில் எல்லாம் தெரிந்துவிடுகிறதாம். போன தடவை அவள் கண்ணைப் பார்த்தே கடியாரக்காரன் தப்பித்துவிட்டான் என்று கண்டுபிடித்துவிட்டாளாம்.

"மேல போ, மேல போ" என்கிறாள் சுவரைப் பார்த்தபடி. "ரெண்டு நாளைக்கு உன் மூஞ்சியை எனக்குக் காட்டாதே."

மாடியில் கதவைத் திறந்துவிட்டு நிற்கும் கணவன், "என்னடி, மறுபடியும் சண்டையா?" என்று கேட்கிறான்.